நெஞ்சின் அரண்



ஜப்பானில் 1916-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பல்கலைக்கழக மாணவர் சிலர் கூடித் தொடங்கிய சிறு பத்திரிகை ஒன்றின் முதல் இதழில் ‘மூக்கு’ என்னும் சிறுகதை வெளிவந்தது. அதனை எழுதிய அகுதாகவா ரியூனொசுகே அப்பொழுது 23 வயது இளைஞர். தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றுகொண்டிருந்தவர். அந்நாளில் ஜப்பானிய நாவலாசிரியருள் முதன்மை பெற்று விளங்கிய நத்சுமே சோசெகி அக்கதையைப் படித்து மகிழ்ந்து, அவ்விளைஞருக்குப் பாராட்டுக் கடிதம் விடுத்தார். அக்கடிதத்தோடு அகுதாகவாவின் புகழ் தொடங்கியது எனலாம். குரோசாவா 1950-இல் உருவாக்கிய ‘ராஷோமோன்’ திரைப்படத்தை நேயர்களுள் பலர் கண்டிருப்பீர்கள். அதற்கு மூலமாக அமைந்த இரு கதைகளும் இவர் எழுதியவையே. ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்டது, அளவிற் சிறியதும், விரைந்து படிப்போர் நகைத்துவிட்டு மறந்துபோகக் கூடியதுமாகிய இந்த மூக்குக் கதையையே.

உடலை நோக்கி ஓர் அடி வரும்பொழுது கை தானாக உயர்ந்து தடுக்கிறது. உள்ளத்தை நோக்கி வரும் அடியைத் தடுப்பது யாது? வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு 1894-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ‘தற்காப்பு’ என்னும் கருத்தை உளவியலுக்குள் கொணர்ந்தார். அவர் மகளார் அன்னா ஃபிராய்டு 1936-இல் வெளியிட்ட நூலில் அத்தற்காப்பின் வகைகளைத் தொகுத்து விளக்கினார். தாங்கவொண்ணாத உணர்ச்சியை அறிவுக்கு எட்டாதபடி அமுக்கிவிடுதல், கண்ணெதிரே உள்ளதை இல்லையென மறுத்தல், அகத்தே இருப்பதற்கு நேர்மாறானதைப் புறத்தே காட்டுதல், ஒருவர்மேல் எழுந்த சினத்தை மற்றொருவர்மேல் கொட்டுதல் போன்றவை அவற்றுட் சில. இவை அனைத்தையும் ஒருசேர ‘நெஞ்சின் அரண்’ என்று வழங்குவோம். இவ்வரண் பொய்யின் வேறானது. பொய் கூறுபவன் உண்மை இன்னதென அறிவான். அரணுக்குள் இருப்பவனோ தான் அரணுக்குள் இருப்பதையே அறியான்.

அகுதாகவாவின் கதை அன்னா ஃபிராய்டின் நூலுக்கு 20 ஆண்டுகள் முற்பட்டது. ஆகவே அந்நூலைக் கற்று அதற்கேற்பப் பாத்திரத்தைச் சமைத்தார் என்று கூற இடமில்லை. கலைஞன் கண்ணாற் கண்டதை அறிஞர் பின்னர்ப் பெயரிட்டு வகுத்தனர் என்று கொள்வதே பொருத்தம்.

கதைத் தலைவர் ஒரு பௌத்தத் துறவி. வயது ஐம்பதைக் கடந்தவர். இகெனோவோ என்னும் ஊர்க் கோயிலில் வாழ்பவர். நைகு என்பது அவர் வகித்த பதவியின் பெயர். அரண்மனை வழிபாட்டிடத்தில் பணிபுரியும் உரிமை பெற்ற உயர்ந்த துறவிகளுக்கு உரியது. அவருடைய இயற்பெயர் ஜென்சி. அப்பெயரின் முற்பாதியாகிய ‘ஜென்’ நம் நாட்டுத் ‘தியானம்’ என்னும் சொல் சீனத்தின் வழியே சென்று திரிந்த வடிவமே. பிற்பாதி ஞானத்தைக் குறிப்பது. தியானமும் ஞானமும் ஒருங்கே பெயராக வாய்த்த இப்பெரியவருக்கு வாய்த்த மூக்கோ ஐந்தாறு அங்குல நீளம்! அடிமுதல் நுனிவரை ஒரே பருமனாய், மேலுதட்டைக் கடந்து மோவாய்க்குக் கீழே தொங்கியது.

உணவு கொள்ளும்போது மூக்கின் நுனி கலத்துச் சோற்றில் தோயும். ஆதலின் சீடர் ஒருவர் எதிரே அமர்ந்து, ஓர் அங்குல அகலமும் இரண்டடி நீளமும் உள்ள பலகையால் அம்மூக்கைத் தூக்கிப் பிடிப்பது வழக்கம். ஒருநாள் சீடருக்குப் பதிலாகப் பலகையைப் பிடித்த கோயிற் சிறுவன் தும்மிவிட்டான், கை நடுங்கிற்று, மூக்கு கஞ்சியில் விழுந்தது. அச்செய்தி கியோத்தோ நகரம் வரை பரவியது.

இத்தொல்லையே அவர் துன்பத்துக்குக் காரணமென நாம் எண்ணலாம். இல்லை என்கிறார் ஆசிரியர். மூக்கினால் புண்பட்ட ‘ஜிஸொன்ஷின்’ காரணமாகவே நைகு துன்புற்றார் என்பது அவர் கூற்று. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நம்மை இச்சொல் நெடுநேரம் நிறுத்திவைத்தது. ‘தான்’, ‘மதிப்பு’, ‘நெஞ்சம்’ என்று பொருள்படும் மூன்று எழுத்துகளால் ஆன சொல் இது. ‘செருக்கு’ எனப் பெயர்த்தால் நைகு நகைப்புக்குரியவர் ஆகிறார். ‘தன்மானம்’ என்றால் வீரராகிவிடுகிறார். ‘தன்மதிப்பு’ என்பதே ஏற்றது. ஏனெனில் அவர் பிறர் தம்மை வணங்க வேண்டுமென்று விரும்பவில்லை. தம்மைத் தாமே நேராக நோக்கும் அளவுக்கு ஏதேனும் மிஞ்ச வேண்டுமென்றே விரும்பினார். அகுதாகவாவின் நகைச்சுவையில் மயங்கி இவ்வேறுபாட்டைத் தவறவிடுவோர் கதையையே தவறவிடுவர் என்பது நம் கருத்து.

அவர் எழுப்பிய அரண்களை இனிக் காண்போம். புறத்தே அவர் காட்டியது முழு அலட்சியம். மறுமைப் பேற்றை நாடும் துறவி மூக்கைப் பற்றிக் கவலையுறுதல் தகாது என்பது ஒன்று. தாம் கவலையுறுவது பிறருக்குத் தெரியலாகாது என்பது மற்றொன்று. பேச்சினிடையே எவரேனும் ‘மூக்கு’ என்ற சொல்லை எடுத்துவிடுவரோ என்பதே அவருடைய பேரச்சமாக இருந்தது. அகத்தே நிகழ்ந்ததோ முற்றிலும் வேறு. தனித்திருக்கும்போது கண்ணாடியை எடுத்து முகத்தைப் பல கோணங்களில் திருப்பிப் பார்ப்பார். கன்னத்திற் கை வைத்துப் பார்ப்பார். மோவாயில் விரல் ஊன்றிப் பார்ப்பார். எக்கோணத்திலேனும் மூக்குச் சிறிது குறுகித் தோன்றாதா என்னும் ஆசை. தோன்றாது. பெருமூச்சுடன் கண்ணாடியைப் பெட்டியில் இட்டு, அவலோகிதேசுவரர் சூத்திரம் ஓதத் திரும்புவார்.

அக்கோயிலில் துறவிகளுக்கு நாள்தோறும் வெந்நீர் காய்ச்சும் குளியற்கூடம் ஒன்று இருந்தது. பலவகை மக்கள் அங்கு வந்து போயினர். நைகு அம்மக்களின் முகங்களைச் சலியாது ஆராய்வார். உடையின் நிறமோ உடுத்தவரின் நிலையோ அவர் கண்ணிற் படா, மனிதரே படார், மூக்குகள் மட்டுமே படும். வளைந்த மூக்குகள் இருந்தன. தம்முடையதைப் போன்ற மூக்கு ஒன்றேனும் இல்லை. அவ்வேமாற்றத்தோடு எவருடனாவது பேசிக்கொண்டிருக்கையில், தம்மை அறியாமல் தொங்கும் நுனியைப் பற்றிப் பார்த்து, அந்த வயதிலும் முகம் சிவப்பார். அரணின் கதவு காவலாளி அறியாமலே திறந்துகொள்ளும் தருணம் இது.

இறுதியில் அவர் நூல்களை நாடினார். இவ்விடத்தில் இந்தியராகிய நாம் சற்றுத் தங்குவது இயல்பு. மௌத்கல்யாயனர், சாரிபுத்திரர் ஆகிய புத்தரின் சீடர்களுக்கு நீண்ட மூக்கு இருந்ததாக எந்தச் சூத்திரமும் கூறவில்லை. நாகார்ச்சுனரும் அசுவகோசரும் யாவரையும் போன்ற மூக்குடையவர்களே. சீனத்து அரசர் லியூ பேயின் காதுகள் நீண்டிருந்தன என்று கேள்வியுற்றபோது, அவை மூக்காக இருந்திருப்பின் எத்துணை ஆறுதல் என்று அவருக்குத் தோன்றிற்று! ஞானம் தேடி மனிதர் புரட்டும் ஏடுகளில் இவர் தேடியது ஒரு துணை மூக்கை. பெரியோர் ஒருவரோடு தம்மை ஒன்றுபடுத்திக்கொண்டு குறையைச் சிறப்பாக மாற்றிக்கொள்ளும் இம்முயற்சியை உளவியலார் நன்கறிவர். சிரிப்புக்கிடமான இப்பகுதியைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு முழுமையாக வருவதில்லை. தமக்கு நேர்ந்தது தமக்கு மட்டுமே நேர்ந்ததன்று என்று அறிய விரும்பாத மனிதர் உண்டோ?

மருந்துகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. புடல் இனத்துக் காட்டுக்கொடி ஒன்றின் கஷாயத்தைப் பருகினார். எலியின் சிறுநீரை மூக்கிற் பூசினார். பயனில்லை. ஓர் இலையுதிர் காலத்தில், கியோத்தோவுக்குச் சென்ற சீடர், சீனத்திலிருந்து வந்த மருத்துவர் ஒருவரிடம் மூக்கைக் குறுக்கும் முறையைக் கற்று வந்தார். அதனைக் கேட்டவுடன் நைகு செய்தது என்ன? ஒன்றுமே செய்யவில்லை. வழக்கம்போல் அலட்சியம் காட்டினார். ஆயினும் ஒவ்வொரு வேளை உண்ணும்போதும், சீடருக்கு வீண் தொல்லை தருகிறோமே என்று மெல்ல வருந்திக்கொள்வார். சீடரே வற்புறுத்த வேண்டும், தாம் வேறு வழியின்றி இணங்க வேண்டும் என்பது உள்ளக் கிடக்கை. சீடர் அதனை உணர்ந்துகொண்டார், உணர்ந்தும் வெறுக்கவில்லை, அத்தகைய உபாயத்தை நாடவேண்டிய நிலையை எண்ணி இரங்கினார். எதிர்பார்த்தபடி வற்புறுத்தினார், எதிர்பார்த்தபடி நைகுவும் இணங்கினார். கதை முழுவதிலும் பிறர் அரணைக் கண்டும் அதனை இடிக்காது, சுற்றி நடந்து சென்ற மனிதர் இச்சீடர் ஒருவரே.

வெந்நீர்ப் பாத்திரத்தை ஒரு தட்டால் மூடி, அத்தட்டின் துளை வழியே மூக்கை உள்ளே இட்டு வேகவைத்தார்கள். பின்னர் நைகு படுத்துக்கொள்ள, சீடர் அம்மூக்கைக் காலால் மிதித்தார். வலிக்கிறதா என்று அடிக்கடி பரிவுடன் வினவினார். தலையை அசைக்க இயலாத நைகு, சீடரின் வெடிப்பு விழுந்த பாதங்களை நோக்கியவாறே, வலிக்கவில்லை என்று சினந்தவர்போல் விடையிறுத்தார். உண்மையில் அது இதமாகவே இருந்தது! இதமாயிருப்பதை இதமென்று கூறினால், மூக்கைப் பற்றிய கவலை வெளிப்பட்டுவிடும். பின்னர்ச் சீடர் மூக்கிலிருந்து கொழுப்பை இடுக்கியால் எடுத்தபோது, அவருடைய அன்பை நன்கறிந்திருந்தும், தம் மூக்கை ஒரு பொருளைப்போல் கையாளுகிறாரே என்று உள்ளூர மனம் கசந்தார். மீண்டும் ஒருமுறை வேகவைத்தபின் கண்ணாடியை நோக்கினால், மூக்கு மேலுதட்டுக்கு மேலே ஒடுங்கிக் கிடந்தது. புண்டரீக சூத்திரம் முழுவதையும் படியெடுத்து முடித்த நாளில் தோன்றும் நிறைவு அவருக்குத் தோன்றிற்று.

இங்கேயே முடிந்திருந்தால் இது ஒரு வேடிக்கைக் கதையாகவே நின்றிருக்கும். இரண்டு மூன்று நாளில் நைகு ஒன்றைக் கண்டார். அலுவல் காரணமாக வந்த சாமுராய் ஒருவர், பேச்சை மறந்து, முன்னைவிட வேடிக்கையாக அவர் மூக்கையே உற்று நோக்கினார். கஞ்சியில் மூக்கை நழுவவிட்ட சிறுவன் எதிர்ப்பட்டபோது, முதலில் தலைகுனிந்து அடக்கிப் பார்த்து, பின்னர் வாய்விட்டு நகைத்தான். கீழ்நிலைத் துறவிகள் எதிரே பணிவாக இருந்து, அவர் முதுகைத் திருப்பியவுடன் சிரித்தனர். மூக்கு நீண்டிருந்த காலத்தில் இத்தகைய வெளிப்படையான நகைப்பு இல்லையே! சூத்திரம் ஓதுவதை இடையில் நிறுத்தி, அருகே தொங்கும் சமந்தபத்திர போதிசத்துவரின் படத்தை வெறித்து நோக்கியவாறு அமர்ந்திருப்பார். காரணம் விளங்கவில்லை.

ஆசிரியர் குறுக்கிட்டுக் காரணம் கூறுகிறார். பிறர் துன்பத்தில் மனிதர் இரங்குவது உண்மை. ஆனால் துன்புற்றவர் அத்துன்பத்தைக் கடந்துவிட்டால், பார்த்திருந்தவர்க்கு ஏதோ ஒன்றை இழந்ததுபோல் ஆகிறது. மீண்டும் அவர் அதே துன்பத்தில் வீழ்ந்தால் நன்று என்று கூடத் தோன்றிவிடுகிறது. இதனை வேடிக்கை பார்ப்பவரின் தன்னலம் என்று அவர் குறிக்கிறார். வெளிமாநிலங்களில் நெடுநாள் வாழ்ந்துவரும் தமிழர்க்கு இதில் வியப்பில்லை. இந்தி பேசத் தொடங்கிய புதிதில், வண்டியை ஆணாக்கியும் தண்ணீரைப் பெண்ணாக்கியும் இடர்ப்பட்ட ஒருவரை அலுவலக நண்பர்கள் எத்துணைப் பரிவோடு திருத்துகிறார்கள்! அவரே பத்தாண்டு கழித்துப் பிழையின்றிப் பேசும் நாளில், அந்நண்பர்கள் முகத்தில் வேறொரு புன்னகை அரும்புகிறது. விடுமுறைக்கு ஊர் திரும்பினாலோ, நம் பேச்சே மாறிப்போயிற்றே என்று சுற்றத்தார் நகைக்கிறார்கள். குறையோடு இருந்தபோது அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. குறை நீங்கியபின் அவ்விடத்தையும் காணோம்.

ஆயினும் ஆசிரியர் கூறிய காரணம் பாதியையே விளக்குகிறது என்று நாம் கருதுகிறோம். பிறர் ஏன் நகைத்தனர் என்பதை அது விளக்குகிறது. அந்நகைப்பை நைகு ஏன் தாங்கமாட்டாதவர் ஆனார் என்பதை விளக்கவில்லை. மூக்கு நீண்டிருந்த காலம் முழுவதும் எவர் நகைத்தாலும் அந்நகைப்புக்கு முகவரி ஒன்று இருந்தது. நகைப்பு மூக்கை நோக்கியது, அவரை நோக்கியதன்று. அம்மூக்கே மதிலாக முன்னின்று அம்புகளை ஏற்றுக்கொண்டது. மூக்கு குறுகியபின் அம்பு எதிர்வந்தால் படுமிடம் எது? அவரேதான். தாம் வெறுத்த உறுப்பே தமக்கு அரணாக இருந்தது என்பதை நைகு அறியவில்லை. பழைய அலட்சியமும் இப்பொழுது உதவவில்லை. அலட்சியம் காட்டுவதற்கு ஒரு பொருள் வேண்டுமல்லவா?

அரண் இழந்தவர் செய்வதையே அவரும் செய்தார். எடுத்ததற்கெல்லாம் சீறினார். மூக்குக்கு மருத்துவம் செய்த அச்சீடரே, இவ்வாறு கடுமை காட்டுபவரைப் பாவம் சூழும் என்று புறத்தே பேசும் நிலை வந்தது. ஒருநாள் நாய் குரைக்கும் ஒலி கேட்டு வெளியே வந்து பார்த்தால், கோயிற் சிறுவன் இரண்டடிக் கோல் ஒன்றைச் சுழற்றிக்கொண்டு, மெலிந்த சடைநாய் ஒன்றைத் துரத்துகிறான். மூக்கில் அடி விழாமல் பார்த்துக்கொள் என்று கூவிக் கேலி செய்கிறான். நைகு அதனைப் பிடுங்கி அவன் முகத்தில் ஓங்கி அடித்தார். அது முன்னாளில் அவர் மூக்கைத் தாங்கிய பலகை! ஊராரை அடிக்க இயலாத கை, சிறுவனை அடித்தது. சினம் இடம்பெயர்ந்து இறங்கும் இவ்வகையை விளக்க இதனினும் தெளிவான காட்சி வேண்டுவதில்லை.

இக்கதையின் கரு அகுதாகவாவின் சொந்தக் கற்பனையன்று. 12-ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் ‘கொன்ஜாக்கு’ என்னும் பழங்கதைத் தொகுதியிலும், அதற்குப் பிற்பட்ட ‘உஜி ஷூயி’ தொகுதியிலும் இத்துறவி வருகிறார். வேகவைத்து மிதிப்பதும் அங்கே உண்டு. குறுகிய மூக்கு சில நாளில் மீண்டும் வீங்குவதும் உண்டு. ஆனால் பழங்கதையின் உச்சம் தும்மலே. சினங்கொண்ட துறவி, உயர்ந்தோர் ஒருவரின் மூக்கைத் தாங்கும்போது இவ்வாறு செய்வாயா என்று கேட்க, இத்தகைய மூக்குடையார் வேறொருவர் இருந்தாலன்றோ தாங்குவதற்கு என்று சிறுவன் விடை கூற, கேட்டோர் நகைக்கின்றனர். அகுதாகவா அவ்விடையை அறவே நீக்கிவிட்டார். தும்மலையும் ஓரிரு வரியில் அடக்கிவிட்டார். பழையவர் மூக்குக்கு வெளியே நின்று கூறிய கதையை, இவர் மூக்குக்குப் பின்னே புகுந்து கூறினார். எட்டு நூற்றாண்டு இடைவெளியில் கதை கண்ட மாறுதல் அதுவே.

மூக்கைக் குறுக்கியதற்காகவே வருந்தத் தொடங்கிவிட்ட நைகுவுக்கு ஓர் இரவு உறக்கம் வரவில்லை. காற்று எழுந்து கோபுரத்தின் மணிகள் ஒலித்தன, குளிர் மிகுந்தது. மூக்கில் அரிப்பு எடுத்தது. தொட்டுப் பார்த்தால் நீர்கோத்து வீங்கிச் சுடுவதுபோல் இருந்தது. வலிந்து குறுக்கியதால் நோய் வந்ததோ என்று முணுமுணுத்துக்கொண்டே, புத்தர் திருமுன் மலரும் தூபமும் ஏந்தும் பாவனையில் மூக்கைக் கையால் பொத்திக்கொண்டார். தம் வாழ்நாள் முழுவதும் வெறுத்த ஒன்றை அவர் போற்றிப் பிடித்தது அவ்வொரு முறைதான்.

விடியலில் எழுந்து பார்த்தால், தோட்டத்து மரங்கள் ஓரிரவில் இலைகளை உதிர்த்துத் தரையெல்லாம் பொன் பரப்பியிருந்தன. கோபுரக் கூரையில் பனி. அதன் முடியிலுள்ள ஒன்பது வளையங்களும் இளவெயிலில் மின்னின. தாழ்வாரத்தில் நின்று நெடுமூச்சு வாங்கிய நைகுவுக்கு, ஏறக்குறைய மறந்துபோயிருந்த ஓர் உணர்ச்சி திரும்பி வந்தது. கையை விரைந்து மூக்குக்குக் கொண்டுபோனார். பழைய நீளமே! மோவாய்க்குக் கீழே தொங்கியது. மூக்கு குறுகிய நாளில் எய்திய அதே இலேசான மகிழ்ச்சி மீண்டும் உண்டாயிற்று. இனித் தம்மைக் கண்டு நகைப்பார் எவருமில்லை என்று தமக்குத்தாமே கூறிக்கொண்டு, அவர் அந்த நெடுமூக்கை இலையுதிர் காலத்து வைகறைக் காற்றில் ஆடவிட்டு நிற்கக் கதை முடிகிறது.

இம்முடிவைப் பேதைமை என்று கருதுவோர் உண்டு. நகைப்பு நிற்கப்போவதில்லை, நைகு ஏமாறுகிறார் என்பர். துறவி தம்மை ஏற்றுக்கொண்டார், இதுவே விடுதலை என்று கொள்வோரும் உண்டு. நமக்கு இரண்டும் உடன்பாடல்ல. அவர் பெற்றது விடுதலை அன்று. ஆயினும் பேதைமையும் அன்று. இடிந்த மதில் மீண்டும் எழுந்ததைக் கண்ட ஒருவரின் நிம்மதி அது. நகைப்பு வரும், அது மூக்கின்மேல் விழும். அவர் அதற்குப் பின்னே, குறுகிய மூக்கோடு கழித்த நாட்களில் கிட்டாத உறக்கத்தை உறங்குவார். அந்நிம்மதியை இகழ நமக்கு மனம் வரவில்லை. சிறுவன் முகத்திற் பட்ட அடியை மறக்கவும் இயலவில்லை.

அன்று காலை உணவுக்கு அந்தப் பலகை மீண்டும் வேண்டியிருக்கும். அதனைத் தேடி எடுத்து வந்தவர் யார், எதிரே அமர்ந்து பிடித்தவர் சீடரா சிறுவனா என்பதை அகுதாகவா எழுதவில்லை.